தக்காளிக்கு முட்டுக் கொடுத்த மேஸ்திரி

கோலார் தங்க வயல் இன்னும் பூமிக்குள் இறங்கிப் போகாமல் மேலே நிற்பதற்கு ஒரே காரணம் முனிரத்தினம் மேஸ்திரிதான். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சொன்னது முனிரத்தினம் மேஸ்திரியே என்பதால் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் ஸ்கெலட்டன் லைனில் யாருக்கும் அந்த வசதி கிடையாது.

அவர் டிம்பர்மேன். சுரங்கத்தில் பாறையைக் குடைந்துகொண்டு ஆட்கள் முன்னால் போவார்கள். மரத்தைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் போவார். இரண்டு பக்கமும் இரண்டு கால், மேலே குறுக்காக ஓர் உத்தரம், இடுக்கில் ஆப்பு. இதற்கு ஒரு செட் என்று பெயர். ஆப்பை இறக்கி முடித்ததும் சுத்தியலால் உத்தரத்தை இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்பார். சத்தம் பிடித்திருந்தால் தலையை ஆட்டுவார். அவர் தலையை ஆட்டின பிறகு பூமி தாராளமாக அந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

"என் கை முட்டுக் குடுத்தது எதுவும் இதுவரிக்கும் வுழுந்ததில்ல" என்பார். அடக்கமாகத்தான் சொல்வார். ஆனால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

சுரங்கத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆடுகிற பொருள் எதைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்காது. பர்னபாஸ் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஒரு முறை முட்டுக் கொடுத்தார். கோழிகளையெல்லாம் விற்ற பிறகு கூண்டை அங்கிருந்து பெயர்க்க முடியாமல், அதற்குள் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அது சாய்கிறது என்று எங்கள் பக்கம் வந்து இரண்டு கட்டை நட்டார். அதிலிருந்து நாங்கள் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறோம். ஆனால் தட்டி விழவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பர்னபாஸ் வீடு அவருக்கு அந்தப் பக்கம். பர்னபாஸ் சுரங்கத்தில் மெஷின் பிடிக்கிறவர், வீட்டில் எதையும் பிடிக்காதவர். வீட்டைப் பிடித்திருப்பது அவர் மனைவி லூயிசா. லூயிசா மூன்று மண்ணெண்ணெய் டின்களில் தக்காளிச் செடி வைத்திருந்தாள். அவளுடைய விவசாய முறை எளிது. காலையில் வாசல் பெருக்கி முடித்ததும், பெருக்கின துடைப்பத்தாலேயே செடிகளுக்கு ஆளுக்கு நாலு போடுவாள். பலமாக இல்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைக்குப் போடுகிற அளவுதான். கூடவே திட்டும் உண்டு.

"தண்ணி மட்டும் நல்லாக் குடிக்கத் தெரிது இல்ல? காய் வைடி!"

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து வந்து அடிப்பாள். சர்ச்சுக்குக் கட்டிப் போன புடவையோடு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்ட கையாலேயே அடிப்பாள். அவள் அம்மா வீடு திருப்பத்தூர் பக்கம். அங்கே காய்க்காத மரத்தை இப்படித்தான் வழிக்குக் கொண்டு வருவார்களாம். காய்க்கிற செடியை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால், "அதுக்கு மறந்துடக் கூடாது இல்ல" என்பாள்.

முனிரத்தினம் மேஸ்திரி பகுத்தறிவுக் கூட்டம் ஒன்று விடாமல் போகிறவர். ராபர்ட்சன்பேட்டையில் கூட்டம் நடந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடை ஆடாமல் இருக்கிறதா என்று கீழே குனிந்து பார்ப்பார். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் டீ தம்ளரோடு வெளியே வந்து இந்தக் காட்சியைப் பார்க்கவேண்டியிருந்தது.

"செடி இன்னா திருட்டுப் பயலாம்மா? ஸ்டேஷன்ல போட்டு அடிக்கிற மாதிரி அடிக்கிறியே. அடிச்சா காய் வைக்கும்னா, உன் வீட்டுக்காரனை அடி தங்கச்சி. பிரமோஷனாவது வரும்."

"அவரையுந்தான் அடிக்கிறேண்ணே. செடிக்கு ரோசம் கீது."

உள்ளேயிருந்து பர்னபாஸின் இருமல் மட்டும் கேட்கும்.

"மூடநம்பிக்கை" என்று மேஸ்திரி டீயை உறிஞ்சுவார். "உலகம் ராக்கெட் வுடுது. ஸ்கெலட்டன்ல தக்காளியத் தொடப்பத்தால அடிக்கிறாங்க."

அறுபத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் ஏர்பிளாஸ்ட் வந்தது. இந்த ஊரில் மாதத்துக்கு ஒன்று வரும். கீழே எங்கேயோ பாறை தன் பொறுமையை இழந்து வெடிக்கும். மேலே லைன் முழுக்க ஒரு குலுக்கு குலுக்கும். அலமாரியில் பாத்திரம் உருளும், குழந்தை அழும், யார் யார் கீழே ஷிப்டில் இருக்கிறார்கள் என்று எல்லாரும் எண்ணிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே லூயிசாவின் ஒரு டின் கவிழ்ந்து, செடி இடுப்போடு முறிந்தது.

முனிரத்தினம் மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முறிந்த இடத்தை விரலால் தடவினார். லைன் ஜனம் எல்லாம் வெளியேதான் நின்றது.

"ஒரு முட்டு. ஒரே ஒரு முட்டு. குடுத்திருந்தா இது வுழுந்திருக்குமா?"

லூயிசா கவிழ்ந்த டின்னை நிமிர்த்தினாள். "ஏண்ணே, கீழ பாறைக்கு முட்டுக் குடுக்கிறவரு நீங்கதானே?"

"ஆமா."

"அது ஒழுங்கா நின்னிருந்தா என் தக்காளி இன்னாத்துக்கு வுழுது?"

லைன் சிரித்தது. பர்னபாஸ்கூடச் சிரித்துவிட்டு, உடனே இருமினார். மேஸ்திரியின் முகத்தில் அப்போது வந்த நிறத்தை நான் அதற்குப் பிறகு பழுத்த தக்காளியில்தான் பார்த்தேன்.

"நான் வைக்கிறேன் தோட்டம்" என்றார். "பன்னெண்டு செடி. பூமி ரெண்டாப் பொளந்தாலும் ஒரு எலை ஆடாது. அப்பால பாரு, இன்னாமாக் காய்க்குதுன்னு. அடி கிடையாது, திட்டு கிடையாது. எல்லாம் சயின்ஸு."

சயின்ஸுக்கு நிலம் வேண்டும். நிலம் அவர் மனைவி சுலோச்சனாவிடம் இருந்தது.

வீட்டு வாசலில் ஆறடிக்குப் பத்தடி. எங்கள் லைனில் தோண்டினால் ஒரு சாணில் பாறை. பாறைக்கு மேலே இருப்பது தங்கம் பிரிக்க மில்லில் பாறையை அரைத்துக் கொட்டின மணல் மேட்டிலிருந்து காற்றில் வருகிற தூசு. அதில் எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும். சுலோச்சனா நாலு வருஷம் சாம்பலும் சாணமும் டீத்தூள் சக்கையும் கொட்டிக் கொட்டி அந்த ஆறடிக்குப் பத்தடியை மண்ணாக்கியிருந்தாள். கொத்தமல்லி ஒரு பாத்தி, புதினா ஒரு பாத்தி. மேஸ்திரி கீழே கொண்டுபோகிற டிபன் டப்பாவில் தினமும் புதினாத் துவையல் இருக்கும். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜில் கூட நிற்கிற பத்து பேருக்கும் பசி எடுக்கும்.

மேஸ்திரி நிலத்தைக் கேட்டதும் அவள் புதினாப் பாத்தியை ஒரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பொங்கல் வரிக்கும் தர்றேன். பொங்கல் அன்னிக்குக் காலையில ஒரு காய் செடியில தொங்கணும். பழம்கூட வேணாம். கோலி அளவு காய் போதும்."

"கோலியா? கூடையே நெறையும் பாரு."

"தொங்குச்சுன்னா மண்ணு உங்களுது. நான் கேக்கவே மாட்டேன். தொங்கலன்னா செடியும் கட்டையும் வெளிய. மண்ணு எனக்கு. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் 'என் கை முட்டுக் குடுத்தது'ன்னு நீங்க வாயத் தொறக்கக் கூடாது. இந்த வீட்லயும் சரி, வெளியிலயும் சரி."

மேஸ்திரி சிரித்தார். சிரிப்பின் கடைசியில் லேசாக ஒரு தடங்கல் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் அவரிடம் பேசுவதற்கு வேறு அதிகம் கிடையாது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

புதினாவைச் சுலோச்சனாவே பிடுங்கினாள். ஒரு ஓட்டை பக்கெட்டில் வைத்துக் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பூதிகோட்டையிலிருந்து புதன்கிழமைதோறும் சைக்கிளில் காய்கறி கொண்டு வருகிற நாகேஷ் பன்னிரண்டு நாற்று கொண்டு வந்து கொடுத்தான். நாற்று வேர் பிடித்ததும் டிம்பரிங் தொடங்கியது.

அந்த வேலைப்பாட்டை நான் எழுத்தில் கொண்டு வர முடியுமா என்று சந்தேகம். கம்பெனி மரத்தில் அவர் கை வைக்கவில்லை, அதில் அவர் நெருப்பு. ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் மூங்கிலும் சவுக்குக் குச்சியும் வாங்கி வந்தார். செடிக்கு ஒரு செட். இரண்டு கால், ஒரு உத்தரம், நான்கு ஆப்பு. செடி ஒரு சாண் வளர்ந்தால் இன்னொரு உத்தரம். தண்டைச் சாணுக்கு ஓர் இடத்தில் சணல் கயிற்றால் கட்டினார். கிளையைக் கட்டினார். கிளையின் கிளையைக் கட்டினார். மேற்கே காற்று வருகிறது என்று கோணிப்பை மறைப்பு. கிழக்கே காற்று வரக்கூடும் என்று இன்னொரு கோணிப்பை. தீபாவளிக்கு வாசலில் நின்று பார்த்தால் செடிகள் தெரியாது. பன்னிரண்டு செட் வரிசையாக உள்ளே போகிற ஒரு குட்டிச் சுரங்கம் தெரியும். அதன் இருட்டில் பச்சையாக ஏதோ ஒன்று கைதியைப் போல நின்றுகொண்டிருக்கும்.

தினமும் ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு செட்டையும் இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார்.

மேட்டு ரோட்டில் போகிற யாரோ இதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் பந்தல் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இந்த ஊரில் வாசலில் புது டிம்பரிங் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறார்கள். மறுநாள் சாயங்காலம் கம்பெனி வாட்ச்மேன் கோவிந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் டார்ச்சும் நோட்டும்.

"இன்னா மேஸ்திரி. எத்தினி அடி போயிருக்கு?"

"எது?"

"ஷாஃப்ட்."

"ஷாஃப்ட் இல்லய்யா. தக்காளி."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார் கோவிந்தன். இதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

அவர் குனிந்து முதல் செட்டுக்குள் டார்ச் அடித்தார். கம்பை விட்டுக் குத்திப் பார்த்தார். ஒரு சாண் போய்ப் பாறையில் 'டக்' என்றது. நாலு இடத்தில் குத்தினார், நாலு இடத்திலும் 'டக்'. கடைசியாகக் கம்பை வெளியே இழுத்தபோது நுனியில் ஒரு வேர் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"புதினா."

"வீட்டம்மாவுது" என்றார் மேஸ்திரி. "கம்பெனி புதினா இல்ல."

கோவிந்தன் நோட்டில் எழுதினார். நான் தட்டி வழியாகக் கழுத்தை நீட்டிப் படித்தேன்: 'தக்காளி. ஆழம் ஒரு சாண். தங்கம் இல்லை.' எழுதி முடித்தும் அவருக்குப் போக மனசு வரவில்லை. அவரும் நாலு வருஷம் கீழே வேலை பார்த்தவர். மறுபடியும் குனிந்து, விரல் முட்டியால் ஒரு உத்தரத்தைத் தட்டினார்.

"நாலாவது செட்ல ஆப்பு லூஸா கீது மேஸ்திரி."

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் மண்டி போட்டு அந்த ஆப்பை இறுக்கினார்கள். கோவிந்தன் தலையை ஆட்டிவிட்டு சைக்கிள் ஏறினார்.

நவம்பர் கடைசியில் அடுத்த ஏர்பிளாஸ்ட் வந்தது. எங்கள் வீட்டில் உப்பு ஜாடி போயிற்று. லூயிசாவின் செடிகள் பேய் பிடித்த மாதிரி ஆடின. டின்களை ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். முனிரத்தினம் மேஸ்திரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீடு ஆடியது, கூரை ஆடியது, அவரே கொஞ்சம் ஆடினார். பன்னிரண்டு செடியில் ஒரு இலை ஆடவில்லை.

"பார்த்தியா தங்கச்சி?"

"பார்த்தேண்ணே" என்றாள் லூயிசா. அவள் குரலில் உண்மையாகவே மரியாதை இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து லூயிசாவின் இரண்டு செடியிலும் காய்க்குமேல் காய். மேஸ்திரியின் செடிகளிலும் குறை சொல்ல முடியாது. ஆள் உயரம். கரும்பச்சை இலை. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. மஞ்சள் பூ நாலு நாள் இருக்கும், காம்போடு உதிரும். மறுபடி பூக்கும், மறுபடி உதிரும். காய் மட்டும் இல்லை. காலையில் லைன் எழுந்திருப்பதற்கு முன்னால் மேஸ்திரி உதிர்ந்த பூவையெல்லாம் பொறுக்கி லுங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போவார். வழியில் யாராவது பார்த்தால் "வாக்கிங்" என்பார்.

முதலில் மணல்மேட்டுத் தூசுதான் காரணம் என்றார். அப்புறம் குழாய்த் தண்ணீர். அப்புறம் நாகேஷ் கொடுத்த நாற்று பன்னிரண்டும் ஆண் நாற்று. புதன்கிழமை நாகேஷ் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஏனு மேஸ்திரி இது, ஜெயிலா?"

"சப்போர்ட்டு."

"காத்து பேக்கு சாமி, காத்து வேணும். பூ அல்லாடணும். அல்லாடுனாத்தான் உள்ள இருக்கிற மஞ்ச மாவு உதிரும். மாவு உதிர்ந்தாத்தான் காயி. எங்க ஊர்ல வயல்ல காத்து ஆட்டுது. நீங்க காத்தையே உள்ள வுடலியே."

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "வென்டிலேஷன்!" என்றார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சுரங்கத்தில் வென்டிலேஷன் தனி டிபார்ட்மென்ட். அதில் குறை என்றால் டிம்பரிங்கில் குறை இல்லை என்று ஆகிறது. நாகேஷ் சொன்னதில் 'காத்து' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'அல்லாடணும்' என்பதை அவர் அவனிடமே விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் பர்னபாஸிடம் சைக்கிள் பம்பு இரவல் வாங்கினார்.

சுலோச்சனா தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது அவர் ஆறாவது செட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பம்பு அடித்துக்கொண்டிருந்தார். வெளியே காலும் லுங்கியும் மட்டும் தெரிந்தன.

"இன்னாங்க பண்றீங்க?"

"வென்டிலேஷன்" என்றது உள்ளேயிருந்து.

"பூவுக்குக் காத்து அடிக்கிறீங்களா? பஞ்சரா?"

"நீ போ. இது டெக்னிக்கலு."

பூவுக்கு மேல் காற்று அடித்தது. சாணுக்கு ஓர் இடத்தில் கட்டியிருந்த செடி அசையவில்லை. பூதான், பம்பு வேகத்துக்கு, நாலு நாள் இருக்கவேண்டியது ஒரே நாளில் உதிர்ந்தது. பனை விசிறியால் வீசிப் பார்த்தார். வாயால் ஊதிப் பார்த்தார். ஒரு வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல், பன்னிரண்டு செடிக்கும் முறை வைத்து ஊதினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒன்பதாவது செட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பர்னபாஸ் வந்து சோடா கொடுத்தார்.

"மேஸ்திரி, கோச்சிக்காதீங்க. எங்க வீட்டு வாசல்ல ஒண்ணு சாஞ்சிக்கினு கீது, கொஞ்சம் கடன் வாங்கிக்கினு போயி ரெண்டு..."

"பர்னபாஸு" என்றார் மேஸ்திரி. "நான் செத்தாலும் அத்தத் தொட மாட்டேன்."

"சரி மேஸ்திரி" என்று பர்னபாஸ் சோடா பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் அன்று லூயிசா தட்டு அனுப்பினாள். கேக்கு, கல்கல்லுப் பலகாரம், நடுவில் மூன்று பழுத்த தக்காளி. மேஸ்திரி கேக்கைச் சாப்பிட்டார். கல்கல்லைச் சாப்பிட்டார். தக்காளி இருந்த பக்கம் அவர் கண் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது: "இன்னிக்கு ரசம் நல்லா கீதே." சுலோச்சனாவின் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார், தணிந்த குரலில்.

அதற்குப் பிறகு சுலோச்சனா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை என்பதுதான் கொடுமை. குழாயடிப் பக்கெட்டிலிருந்து புதினாக் குச்சிகளை ஒடித்து, சொம்பில் தண்ணீர் ஊற்றி, அதில் நிற்க வைத்து வாசல்படியில் வைத்தாள். இரண்டு நாளில் குச்சிகள் வேர் விட்டன. பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு முறை சாண் போட்டு அளந்தாள். கொத்தமல்லி விதையை உருட்டி இரண்டாக உடைத்து முறத்தில் காய வைத்தாள். மேஸ்திரி வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அந்தச் சொம்பைத் தாண்ட வேண்டியிருந்தது. லைனில் அவர் பேச்சும் குறைந்துபோயிற்று. கேஜுக்குக் காத்திருக்கும்போது ஒரு புது ஆள் அவரிடம், "நீங்க முட்டுக் குடுத்தது வுழாதாமே மேஸ்திரி?" என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறான். இவர், "ம்" என்று மட்டும் சொன்னாராம். பர்னபாஸ் வந்து இதைச் சொன்னபோது லூயிசாவுக்கே சங்கடமாகிவிட்டது.

"பாவம் அண்ணன்" என்றாள். "நான் வேணும்னா யாரும் இல்லாத நேரம் போயி நாலு போட்டுட்டு வரட்டா?"

"அந்தக் கட்டைக்கு உள்ள உன் கை போவாது" என்றார் பர்னபாஸ்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை. லூயிசாவும் பர்னபாஸும் புது வருஷப் பூசைக்குப் போயிருந்தார்கள். சுலோச்சனா குழாயடி வரிசையில் நின்றாள். முன்னால் முப்பது குடம். வெயில் ஏறிவிட்டிருந்தது. லைனில் ஒரு ஆள் இல்லை. நான் காய்ச்சலில் தட்டியோரம் படுத்திருந்தேன். ஆனால் காலேஜ் படிக்கிறவனை எங்கள் லைனில் ஆளாகச் சேர்ப்பது வழக்கமில்லை.

முனிரத்தினம் மேஸ்திரி நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாசல்படியில் சொம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டு வந்தார்.

டிம்பரை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்கோடியிலிருந்து தொடங்க வேண்டும், வெளியே ஓடுகிற வழி எப்போதும் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்க வேண்டும். மேஸ்திரி அந்த முறைப்படியே பன்னிரண்டாவது செட்டிலிருந்து தொடங்கினார். ஆப்பை ஒரு தட்டு, அந்தப் பக்கத்து ஆப்பை ஒரு தட்டு. உத்தரத்தை இறக்கினார். கால்களை உருவினார். கடைசியாகக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, செடி எந்தப் பக்கம் விழுந்தாலும் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

செடி மெல்லச் சாய்ந்தது. ஒரு சாண் சாய்ந்தது. அவர் மூச்சுவிடவில்லை. அப்புறம் அது நின்றுவிட்டது.

அவர் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்தார். செடி அப்படியே, கொஞ்சம் கோணலாக, நின்றுகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் பன்னிரண்டு செட்டும் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. கோணிப்பையை மடித்து வைத்தார். செடிகள் வெயிலைப் பார்த்துத் திகைத்து நிற்பது போல இருந்தன. மேஸ்திரி வீட்டுக்குள் போய்ச் சுலோச்சனாவின் துடைப்பத்தோடு வந்தார். அது தீபாவளிக்கு வாங்கின புதுத் துடைப்பம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு இந்த வேலையில் சர்வீஸ் கிடையாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதை உள்ளே வைத்துவிட்டு, லூயிசாவின் வாசலுக்குப் போய், கதவோரம் சாய்த்திருந்த தேய்ந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் செடிக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். பூங்கொத்தின் மேல் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார், இந்த முறை செடி முழுக்கக் குலுங்கியது. மஞ்சளாக ஏதோ பொடி அவர் காதில் விழுந்தது, துடைத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு போட்டார்.

அடி ஆயிற்று. இன்னொரு பாதி, அந்தத் திட்டு, பாக்கி இருந்தது. லைனின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். பிறகு குனிந்து, மேனேஜர் முன்னால் லீவு கேட்கிற குரலில் சொன்னார்:

"கொஞ்சம்... காய் வைங்க."

சொல்லிவிட்டு இரண்டாவது செடிக்குப் போனார்.